இறைச்சி இல்லாமல் ஒரு பார்பெக்யூ!

ஜூலை மாதம் 4-ந் தேதி. அமெரிக்காவின் சுதந்திர தினம்.

அன்று மாலை அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் அடுப்பு எரியும். கம்பி வலை மீது இறைச்சி வேகும். புகை வாசனை நாலு வீடு தாண்டிப் போகும். உற்றார், உறவினர், அண்டை வீட்டார் எல்லாரும் கூடுவார்கள். இந்தச் சமையலுக்கும், இந்தக் கூட்டத்துக்கும் ஒரே பெயர்தான். அதுதான் பார்பெக்யூ.

இப்போது அந்தக் கூட்டத்தில் ஒரு புதிய சங்கடம் முளைத்திருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் மகள் ஊரில் இருந்து வருகிறாள். "அம்மா, நான் இறைச்சி சாப்பிடுவதை விட்டுவிட்டேன். பாலும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்கிறாள். அவள் தட்டில் என்ன விழுகிறது? ஒரு வெறும் ரொட்டி. பக்கத்தில் கொஞ்சம் முட்டைக்கோஸ். விருந்துக்கு வந்தவள் விரதம் இருக்க வேண்டிய நிலை!

இது சின்ன விஷயம் அல்ல. ஒரே பந்தியில் ஒருவர் இலை மட்டும் காலியாக இருந்தால், மற்றவர்களுக்குச் சோறு இறங்குமா? பெற்றவளுக்கு இறங்குமா?

இந்தக் குறையைத் தீர்க்க அரை மணி நேரம் போதும். கையில் கொஞ்சம் சோயா இருந்தால் போதும். ஆனால் அதற்கு முன்பு சில உண்மைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த வீகன்கள்?

சைவ உணவுக்காரர்கள் இறைச்சி, மீன் உண்பதில்லை. நம் நாட்டில் அவர்கள் பால், தயிர், நெய்யை விடுவதில்லை. வீகன்கள் அதையும் விட்டவர்கள். பால் கூடாது. முட்டை கூடாது. தேன்கூடக் கூடாது. உயிர்களிடம் இருந்து எடுத்த எதுவும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை.

1944-ம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 'வீகன்' என்ற சொல் அப்போது பிறந்ததுதான். தமிழில் இதை 'நனிசைவம்' என்று சொல்கிறார்கள்.

12 மணி நேர வேலை!

பார்பெக்யூ என்பது அவசரச் சமையல் அல்ல. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல், ஸ்பானியர் வாயில் 'பார்பகோவா' ஆகி, பின்பு பார்பெக்யூ ஆனது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பன்றியின் தோள் பகுதியை இளஞ்சூட்டில், விறகுப் புகையில் வேக வைப்பார்கள். பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். வெந்த இறைச்சி நார் நாராகப் பிரியும். அதைக் கையால் பிய்த்து, காரமும் புளிப்பும் இனிப்பும் கலந்த சாறில் புரட்டி, பன்னுக்குள் வைத்தால் அதுதான் பார்பெக்யூ சாண்ட்விச்.

அந்தச் சாறு ஊருக்கு ஊர் மாறும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் வினிகரும் மிளகாயும் போட்டு நீர்க்கச் செய்வார்கள். தென் கரோலினாவில் கடுகு விழுது சேர்ப்பார்கள். கன்சாஸ் நகரில் தக்காளியும் வெல்லப்பாகும் கலந்து கெட்டியாகக் காய்ச்சுவார்கள். நம் ஊரில் சாம்பார் ஊருக்கு ஊர் மாறுவது போலத்தான்!

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புளிப்பு, காரம், இனிப்பு, புகை ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தச் சாண்ட்விச்சின் ருசி. வினிகர் பழத்திலும் தானியத்திலும் இருந்து வருகிறது. மிளகாய் செடியில் காய்க்கிறது. புகை விறகில் இருந்து எழுகிறது. இவற்றில் ஒன்றுகூட ஆட்டையோ மாட்டையோ சேர்ந்தது அல்ல. இறைச்சி தருவது கடிபடும் பக்குவத்தையும் கொழுப்பையும் சத்தையும்தான்.

அந்த மூன்றையும் செடி தருமா? தரும் என்று நம்பியவர்கள் பலர்.

மேயரின் சாசேஜ்

சீனாவில் புத்த மடங்களில் இது பழைய வித்தை. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்து போகும். ரப்பர் போல ஒரு பொருள் கையில் நிற்கும். அதைச் சமைத்து இறைச்சிக்குப் பதிலாக உண்டார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் ஹார்வி கெல்லாக் என்ற டாக்டர் இருந்தார். காலை உணவுத் தானியத்தால் பெயர் பெற்ற அதே கெல்லாக் குடும்பம்தான். அவர் தமது மருத்துவ விடுதியில் இறைச்சிக்கு இடம் தரவில்லை. கோதுமைப் புரதத்தையும் நிலக்கடலையையும் சேர்த்து 'புரோட்டோஸ்' என்ற உணவைச் செய்து பரிமாறினார்.

முதல் உலகப் போர் நடந்தபோது ஜெர்மனியில் கடும் பஞ்சம். கொலோன் நகர நிர்வாகத்தில் இருந்த ஒருவர், சோயா மாவைக் கொண்டு ஒரு சாசேஜ் கண்டுபிடித்தார். சொந்த நாடு அதற்கு உரிமம் தர மறுத்தது. போரிட்டுக்கொண்டிருந்த இங்கிலாந்தில் உரிமம் கிடைத்தது! அவர் யார் தெரியுமா? பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பிரதமராக 1949 முதல் 1963 வரை ஆட்சி செய்த கொன்ராட் அடினாயர்தான்.

இன்னொரு வேடிக்கை. அடினாயருக்குப் பின் பதவிக்கு வந்த எர்ஹார்டு, 1963-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா சென்றார். ஜனாதிபதி ஜான்சன் அவரைத் தமது டெக்சாஸ் மாநிலத்துக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார். என்ன விருந்து? பார்பெக்யூ!

முறுக்கு அச்சில் பிழிந்தது போல...

1960-களில் அமெரிக்க ஆலைகள் ஒரு வழி கண்டன. சோயாவில் இருந்து எண்ணெய் எடுத்த பின்பு மாவு மிஞ்சுகிறது. அந்த மாவில் தண்ணீர் சேர்த்து, மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் சிறு துளை வழியாகத் தள்ளினார்கள். முறுக்கு அச்சில் பிழிவது போலத்தான். வெளியே வந்ததும் அது பஞ்சு போல உப்பியது. உள்ளே நார் நாராக இருந்தது.

தமிழ்நாட்டில் எல்லா மளிகைக் கடையிலும் அது தொங்குகிறது. 'மீல் மேக்கர்' என்றால் குழந்தைக்கும் தெரியும். 100 கிராம் காய்ந்த மீல் மேக்கரில் சுமார் 50 கிராம் புரதம் இருக்கிறது. விலையோ ஏழைக்கும் எட்டும் விலை.

ஏறியதும் இறங்கியதும்

பிறகு பெரிய முதலாளிகள் வந்தார்கள். அமெரிக்காவில் பியாண்ட் மீட், இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்று இரண்டு கம்பெனிகள் தோன்றின. பட்டாணிப் புரதத்தில் ஒன்றும், சோயாவில் மற்றொன்றும் பர்கர் செய்தன. உலகமே வியந்தது.

2019-ம் ஆண்டு மே மாதம் பியாண்ட் மீட் கம்பெனியின் பங்கு 25 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. முதல் நாள் மாலையே 65 டாலரைத் தாண்டியது! ஆனால் 2025-ம் ஆண்டு அக்டோபரில் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது.

ஏன் இந்த வீழ்ச்சி? ஒரு முறை வாங்கிப் பார்த்தவர்களில் பலர் மறுமுறை வாங்கவில்லை. இறைச்சியைவிட விலை அதிகம். ருசியும் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. பொட்டலத்தின் பின்னால் உள்ள நீண்ட பட்டியலைப் படித்து மிரண்டவர்களும் உண்டு.

"பார்த்தீர்களா! செடி இறைச்சி தோற்றுவிட்டது" என்று சிலர் சிரிக்கிறார்கள். அது தவறு. தோற்றது அதிக விலைப் பொட்டலம். மலிவான சோயா தோற்கவில்லை. அடுப்படியும் தோற்கவில்லை.

பெயரில் என்ன சண்டை?

ஐரோப்பாவில் வேறொரு வழக்கு. இறைச்சி இல்லாத பொருளை 'பர்கர்', 'சாசேஜ்' என்று அழைக்கலாமா, கூடாதா? அழைக்கத் தடை வேண்டும் என்ற யோசனையை 2020-ம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது. 2025-ம் ஆண்டு அதே மன்றம் தடைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது!

இது வீண் சண்டை. தமிழ் வீடுகளில் தேங்காய்ப் பால் பிழிகிறார்கள். அதைப் பசு கறந்தது என்று எண்ணி யாரும் ஏமாந்ததில்லை. வாழைக்காயில் 'சைவ மீன் வறுவல்' செய்கிறார்கள். வலை வீசப் போனவர் யாரும் இல்லை! பெயர் எதுவானாலும் போகட்டும். பொட்டலத்தின் மேல் உண்மை எழுதியிருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அது போதும்.

செய்து பாருங்கள்

நாலு பேருக்குச் செய்யும் முறை இது.

மீல் மேக்கர் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் நீரில் உப்புப் போட்டு, 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழியுங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். சரியாகப் பிழியாவிட்டால் சோயா வாடை போகாது, சாறும் உள்ளே ஏறாது. பிழிந்ததைக் கையால் நார் நாராகப் பிய்த்து வையுங்கள்.

இனிச் சாறு. தக்காளி சாஸ் அரை டம்ளர். வினிகர் இரண்டு மேஜைக் கரண்டி. பொடித்த வெல்லம் இரண்டு மேஜைக் கரண்டி. சோயா சாஸ் ஒரு மேஜைக் கரண்டி. மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி. மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி. இவற்றை அரை டம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். சாஸ்களில் உப்பு இருக்கிறது. ஆகையால் ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

வாணலியில் மூன்று மேஜைக் கரண்டி எண்ணெய் விடுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். இறைச்சியில் கொழுப்பு இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயாவில் அது கிடையாது. ஒரு பெரிய வெங்காயம், நாலு பல் பூண்டு நறுக்கி வதக்குங்கள். பிய்த்த சோயாவைப் போட்டு, ஓரம் சிவந்து மொறுமொறுப்பாகும் வரை புரட்டுங்கள். கடைசியில்தான் சாறு ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் வெல்லம் கருகிக் கசக்கும். ஐந்து நிமிடம் சிறு தீயில் வைத்தால் சாறு சுண்டி ஒட்டிக்கொள்ளும்.

புகை வாசனைக்கு என்ன செய்வது? அமெரிக்காவில் புகையைக் குளிர வைத்து நீராக்கிப் புட்டியில் விற்கிறார்கள். 1895-ம் ஆண்டே கன்சாஸ் நகரில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. அது கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். ஒரு சிறு கிண்ணத்தில் கனிந்த கரித்துண்டு ஒன்றை வைத்து, வாணலியின் நடுவே வையுங்கள். அதன் மேல் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பன்னைக் குறுக்கே வெட்டி, தோசைக் கல்லில் எண்ணெய் தடவிச் சுடுங்கள். உள்ளே சோயாவை வைத்து, மேலே வினிகரும் உப்பும் பிசறிய முட்டைக்கோஸ், கேரட் துருவலைத் தூவி மூடுங்கள். முடிந்தது வேலை!

ஏமாறாதீர்கள்

கடைப் பன்னில் பாலோ, வெண்ணெயோ, முட்டையோ இருக்கலாம். கடைப் பார்பெக்யூ சாஸில் தேன் இருக்கலாம். வூஸ்டர் சாஸ் சேர்ந்திருந்தால், அதில் பெரும்பாலும் நெத்திலி இன மீன் இருக்கும். ஆகவே சீட்டைப் படித்து வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பயன் இங்கேதான் தெரியும்!

சோயாவுக்குப் பதிலாகப் பலாப் பிஞ்சைப் போடுகிறவர்கள் இப்போது மேல்நாட்டில் அதிகம். பார்வைக்கு இறைச்சி நார் போலவே இருக்கும். ருசியும் ஜோர்தான். ஆனால் 100 கிராமில் இரண்டு, மூன்று கிராம் புரதம்கூடத் தேறாது. வயிறு நிறையும், சத்து நிறையாது. பலாவைப் போட்டால் பக்கத்தில் பயறோ, பட்டாணியோ, கடலையோ இருக்கட்டும்.

சோயா ஒத்துக்கொள்ளாத உடம்பும் உண்டு. அவர்கள் தொட வேண்டாம். முழு வீகனாக இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வைட்டமின் பி-12 செடிகளில் போதிய அளவு கிடைக்காது. டாக்டரைக் கேட்டு மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். கொள்கை பெரிதுதான். உடம்பு இருந்தால்தானே கொள்கை?

ஒரே பந்தி

இறைச்சி உண்பவர் உண்ணாதவரைக் கேலி செய்கிறார். உண்ணாதவர் உண்பவரைக் கொடியவர் என்கிறார். இரண்டும் வேண்டாம். வாதாடி யாரும் யாரையும் மாற்றிவிடப் போவதில்லை. ஒரு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டால் மனம் மாறாவிட்டாலும் முகம் மலரும்.

அடுத்த ஜூலை 4-ந் தேதி அந்தத் தாய் கம்பி வலையின் ஒரு ஓரத்தில் ஒரு வாணலியை வைக்கட்டும். அதற்குத் தனிக் கரண்டி இருக்கட்டும். பன்னிரண்டு மணி நேரம் வெந்த இறைச்சி ஒரு பக்கம். அரை மணி நேரத்தில் ஆன சோயா மறுபக்கம். சாறு ஒன்றுதான். பன் ஒன்றுதான். புகையும் ஒன்றுதான்.

மகள் தட்டு நிறையும். தாய்க்குச் சோறு இறங்கும்!