ஃபீனிக்ஸ் வெயிலில் கோழி

நம் ஊரில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். என் மகள் இருப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்தில். பாலைவன ஊர். 2023-இல் தொடர்ந்து 31 நாட்கள் அங்கே வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த மாநிலத்தில் 2024-இல் ஒரு சட்டம் வந்தது. தனி வீட்டுக்காரர்கள் கொல்லையில் ஆறு கோழி வரை வளர்ப்பதை நகராட்சிகள் தடுக்கக் கூடாது. சேவல் வேண்டாம் என்று சொல்லலாம். சட்டம் என்றால் எடுத்துப் படிப்பது என் பழைய பழக்கம். ஆறு வளர்க்கலாம் என்றால் ஆறு வளர்த்தே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. இதை என் மகளிடம் சொன்னேன். அவள் நான்கு வாங்கினாள்.

இரண்டு வெள்ளை லெகார்ன். இரண்டு ஆர்பிங்டன், பொன்னிறத்தில் பஞ்சுப் பொதி போல, பேத்திக்குப் பிடித்தவை. என் கருத்தில் தவறு அங்கேதான் தொடங்கியது. ஆர்பிங்டன் இங்கிலாந்தில் உருவான இனம். அத்தனை இறகும் குளிருக்கானது. லெகார்ன் இத்தாலியிலிருந்து வந்தது. மெலிந்த உடம்பு, பெரிய கொண்டை. அந்தக் கொண்டை வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியேறும்.

கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். காற்று அதைவிடச் சுட்டால் வாயைப் பிளந்து இரைப்பது தவிர அதற்கு வேறு வழியில்லை. இரைக்க இரைக்கக் கரியமில வாயு போய்விடும். ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் இரத்தத்தில் குறையும். அதனால்தான் கோடை முட்டையின் ஓடு தொட்டாலே உடைகிறது. பிறகு முட்டையே நின்றுவிடும். முட்டை விலைக்குப் பயந்து அங்கே கோழி வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

போன வருடம் ஜூலையில் மகள் குடும்பத்தோடு மூன்று நாள் வெளியூர் போனாள். கோழிகள் என் பொறுப்பில். சின்ன வயதில் வீட்டில் பஞ்சாரத்தில் கோழி கவிழ்த்தவன், புதுச்சேரி வெயிலில் எழுபது வருடம் இருந்தவன், எனக்கென்ன தெரியாது என்ற நினைப்பு. ஜூனில் மரத்தடி மண்ணைத் தண்ணீர் விட்டு நனைத்தால் போதும். காய்ந்த காற்று, உடனே குளிர்ந்துவிடும். கோழிகள் அந்த ஈரத்தில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். ஆனால் ஜூலையில் அங்கேயும் ஒரு மழைப் பருவம் உண்டு. மழை பெய்கிறதோ இல்லையோ, காற்றில் ஈரம் ஏறிவிடும். அப்புறம் நனைத்தும் பயனில்லை. நம் ஊர் புழுக்கம்தான். அதைக்கூட நான் அடையாளம் காணவில்லை. போதாததற்கு, பாவம் பசிக்குமே என்று பகல் பன்னிரண்டு மணிக்குச் சோளம் போட்டேன். இரை செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும். அங்கே விவரம் தெரிந்தவர்கள் விடியும் முன்னும் பொழுது சாய்ந்த பின்னும்தான் இரை போடுவார்கள்.

நான்கு மணிக்குப் பார்த்தேன். ஒரு ஆர்பிங்டன் இறக்கையை விரித்துக் கிடந்தது. வீட்டுக்குள் தூக்கி வந்து காலைத் தண்ணீரில் வைத்தேன். பிழைக்கவில்லை.

கோடையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் வயதுக்காரர்களிடம்தான் இந்தப் பொறுப்பு வந்து சேர்கிறது. ஜூலையில் ஊர் சுற்றப் போகிறவர்கள் அந்த ஊரில் கோழி வளர்க்க வேண்டாம் என்பேன். வளர்த்தே தீர வேண்டும் என்றால் இரண்டு லெகார்ன், நாள் முழுதும் நிழல், கால் நனைய ஆழமில்லாத தட்டில் தண்ணீர்.

மகள் இன்னொரு ஆர்பிங்டன் வாங்கப் பார்க்கிறாள், பேத்தி கேட்கிறாளாம். வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். சோளம் போட்டதைப் பேத்தியிடம் இன்னும் சொல்லவில்லை.