பிரித்துத் தந்த குப்பை பிரிந்தே போக வேண்டும்

குடியிருப்போர் நலச் சங்கங்களைப் பற்றி நம் துறைக் கூட்டங்களில் பேச்சு எழுந்தால், அது விழிப்புணர்வில் தொடங்கி விழிப்புணர்விலேயே முடிகிறது. துண்டறிக்கை, பேரணி, உறுதிமொழி, சிறந்த தெருவுக்குப் பரிசு. மக்கள் குப்பையைப் பிரிப்பதில்லை, எனவே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நம்மில் பலருடைய கணிப்பு. சென்னையின் அனுபவம் இதற்கு இடம் தரவில்லை. பிரித்துக் கொடுக்க முன்வந்த தெருக்கள் இந்நகரில் எப்போதும் இருந்திருக்கின்றன. பிரித்ததைப் பிரித்தபடியே கடைசிவரை கொண்டுசேர்க்கும் பொறுப்பைத்தான் யாரும் எழுத்தில் ஏற்கவில்லை. சங்கங்களின் முயற்சி ஓரிரு ஆண்டுகளில் சோர்ந்துபோவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

1989-இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். மாநகராட்சி வண்டி வீட்டு வாசலுக்கு வராத காலத்தில், தெருவாசிகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, அவருக்குத் ‘தெரு அழகர்’ என்று பெயரும் கொடுத்தார்கள். சென்னையை ஒட்டிய பம்மலில் பெண்கள் குழு ஒன்று மக்கும் குப்பையை மண்புழு உரமாக்கிக் காட்டியது. ஆனால் சென்னைக்குள் இந்த உழைப்பு தெருமுனையோடு நின்றது. அங்கிருந்த பொதுத் தொட்டியில் எல்லாம் ஒன்றாகி, லாரி ஏறிப் பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போனது. 2000-இல் மத்திய அரசின் திடக்கழிவு விதிகள் தரம்பிரித்தலை வலியுறுத்தின. அதே ஆண்டில் சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி, எடைக்கு இவ்வளவு என்ற கணக்கில் தனியாரிடம் விடப்பட்டது. எடைக்குத்தான் பணம் என்றால், தெருவிலேயே உரமாகிவிடும் ஒவ்வொரு கிலோவும் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். விதி ஒரு பக்கம் இழுக்க, பணம் மறுபக்கம் இழுத்தது, பணம் வென்றது. வாசலுக்கே வண்டி வரத் தொடங்கியதும் தெரு அழகருக்கான சந்தாவும் பல இடங்களில் நின்றுபோனது.

புனேயைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கே 1993-இல் குப்பை பொறுக்குவோர் தொழிற்சங்கமாகத் திரண்டனர். அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் தரும் கட்டணம் சேகரிப்பவருக்கே போகிறது. மறுசுழற்சிப் பொருள்களை விற்கும் உரிமையும் அவருடையதே. அது தொழிலாளர் அமைப்பு, குடியிருப்போர் சங்கம் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் வீடுகள் பணம் தர, ஒருவர் குப்பை வாங்கும் முறை இரண்டு நகரங்களிலும் ஒன்றே. புனேயில் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. சென்னையில் நல்லெண்ணம் மட்டுமே இருந்தது.

உலர் குப்பையின் உண்மை நிலையையும் நாம் மறந்துவிடுகிறோம். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, கண்ணாடிப் பாட்டில், இரும்பு எல்லாம் ஏற்கெனவே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. வாசலில் வைக்கும் பைக்குள் மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, தெர்மகோல், எண்ணெய் ஒட்டிய பார்சல் உறை. இவற்றை எடைக்கு வாங்க ஆள் இல்லை. ஒரு தெருவில் சேர்வது ஒரு லோடுக்குக்கூடத் தேறாது. வார்டு அளவில் ஒன்றுசேர்த்து, மறுசுழற்சிக்கு ஆகாததைச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பினால்தான் கட்டுப்படியாகும். சங்கத்தால் தனியே முடியாத வேலை இது. உள்ளாட்சி அமைப்பு செய்ய வேண்டியது.

‘வரி கட்டுகிறோம், இதையும் நாங்களே பார்க்க வேண்டுமா?’ என்று குடியிருப்போர் கேட்பது நியாயமே. பிரித்துக் கொடுப்பது திடக்கழிவு விதிகளின்படி அவர்களுடைய கடமை. கொடுத்தது என்ன ஆனது என்று கேட்பது அவர்களுடைய உரிமை. கடமையை மட்டும் நினைவூட்டிவிட்டு உரிமையை மறைத்தது நம் தவறு. குப்பை போகும் வழியைக் கண்காணிக்கும் பொறுப்பைச் சங்கத்திடம் தருவதற்கு இதைவிட வலுவான எதிர்ப்பு ஒன்றும் உண்டு. சங்கம் என்பது பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களின் சபை. வாடகைக்கு இருப்பவர், குடிசைப் பகுதியில் வாழ்பவர் குரல் அங்கே ஒலிப்பதில்லை. இது மெய். ஆகவே கண்காணிப்புப் பொறுப்பைச் சங்கத்திடம் மட்டும் கொடுக்கக் கூடாது. தமிழகத்தில் 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பகுதி சபைகளில் அந்தப் பகுதி வாக்காளர் எவரும் பங்கேற்கலாம். சங்கம் கண்காணித்துப் பதிவேட்டில் சேர்த்த விவரத்தை அந்தச் சபையின் முன் வைக்கட்டும். தூய்மைப் பணியாளர்மேல் இன்னொரு அதிகாரம் ஏறுமோ என்ற அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சோதிக்க வேண்டியது வண்டியையும் ஒப்பந்தத்தையும்தான். கலந்த குப்பையை வாங்க மறுக்கும் உரிமையைப் பணியாளருக்கு எழுத்தில் தந்து, அந்த மறுப்பையும் அதே பதிவேட்டில் குறித்தால் சோதனை இரு பக்கமும் சமமாக இருக்கும்.

பொறியாளர்களும் துப்புரவு ஆய்வாளர்களும் இப்போதே செய்யத்தக்கவை மூன்று. ஒப்பந்தத் தொகையை எடையிலிருந்து விடுவித்து, பிரிந்த நிலையில் வந்துசேர்ந்த அளவோடு இணைக்க வேண்டும். வார்டிலிருந்து மக்கும் குப்பை எவ்வளவு, உலர் குப்பை எவ்வளவு, எந்த மையத்துக்குப் போனது என்ற எடைமேடைக் கணக்கை மாதந்தோறும் சங்கத்துக்கும் பகுதி சபைக்கும் தர வேண்டும். வண்டியில் தடுப்பு இல்லாமல் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுவதைக் கண்டால், குடியிருப்போர் எழுதித் தரும் புகாரை ஒப்பந்தக் குறைபாடாகவே பதிய வேண்டும். சென்னையில் 2020-இல் எடையை விட்டுச் செயல்பாட்டு அளவீட்டுக்கு மாறிய ஒப்பந்தமும் வந்துவிட்டதால், இது நடக்காத காரியம் அல்ல. அளவீடு எதுவானாலும், அது நிறைவேறியதா என்று சொல்லத் தகுந்த சாட்சி அந்தத் தெருவில் குடியிருப்பவரே. அடுத்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைத் தயாரிக்கும்போது அந்தச் சாட்சிக்கு ஒரு பிரிவை ஒதுக்குங்கள். விழிப்புணர்வுக்கு நாம் செலவிட்ட பணம் அதற்குப் பிறகுதான் பலன் தரத் தொடங்கும்.