ஜூனுக்குள் ஒரு தீர்ப்பு

மும்பையில் பள்ளிக்கூடத்துப் புத்தாண்டு ஜூன் மாதம், மழையோடு சேர்ந்து பிறக்கிறது. அதை ஒட்டி ஆண்டுதோறும் நவி மும்பை மாநகராட்சியின் கல்வித் துறை ஒரு பட்டியல் வெளியிடும்: இவை அங்கீகாரம் இல்லாத பள்ளிகள், பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டு, கடற்கழியைத் தாண்டி சான்பாடாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பட்டியலை விரல் வைத்துப் படிக்கும். காரணம் இருக்கிறது. பள்ளியின் 11 இலக்க யூ-டைஸ் அடையாள எண் சரியாக இல்லாவிட்டால் பிள்ளையின் எல்.சி. என்ற பள்ளி விடுப்புச் சான்றிதழ் வெறும் காகிதம். பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேடும்போதுதான் அது தெரியவரும். அப்போது கட்டிய கட்டணமும் திரும்பாது, போன வருடமும் திரும்பாது.

பட்டியலில் பெயர் வராத பள்ளிக்கும் உத்தரவாதம் கிடையாது. கொடுத்த அனுமதியை அரசு பின்னர் திரும்பப் பெறலாம். அப்படிப் பெற்றால் அந்தப் பள்ளி யாரிடம் போய் முறையிடுவது? அதுவரை வகுப்பில் இருக்கும் பிள்ளை எங்கே உட்காருவது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1854-இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைதான் தொடக்கம். தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும், பதிலுக்கு அரசின் ஆய்வாளர் உள்ளே வந்து பார்ப்பார் என்று அது வகுத்தது. பணம் ஒரு கையில், பிரம்பு மறு கையில். அந்தப் பிரம்பு எதற்கெல்லாம் ஓங்கப்படும் என்பது 1906-இல் வங்கத்தில் தெரிந்தது. கிழக்கு வங்கத்தின் துணை ஆளுநர் பாம்ஃபில்ட் ஃபுல்லர், சிராஜ்கஞ்சில் இரண்டு பள்ளிகளின் மாணவர்கள் சுதேசிக் கிளர்ச்சியில் இறங்கினார்கள் என்பதற்காக, அந்தப் பள்ளிகளின் இணைப்பை நீக்கும்படி கல்கத்தா பல்கலைக்கழகத்தைக் கேட்டார். அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறுமாறு வைஸ்ராய் மின்டோவின் அரசு அவரிடம் சொன்னது. அப்படியானால் பதவி விலகுகிறேன் என்றார் ஃபுல்லர். ஆகஸ்டில் விலகல் ஏற்கப்பட்டது. இரண்டு பள்ளிகளின் இணைப்பில் கைவைக்கப்போய் ஒரு மாகாணத்தின் தலைவர் நாற்காலியை இழந்தார். ஆனால் அந்தப் பள்ளிகளை ஒரு முறையீடு காப்பாற்றவில்லை. மேலே இருந்தவரின் அரசியல் கணக்கு காப்பாற்றியது. அதை நீதி என்று சொல்ல முடியாது.

மறுபக்கமும் உண்டு. தாராவித் தமிழரில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. அங்கே சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டில் தனிப் பந்தி என்று தெரிந்ததும் 1925-இல் பெரும் புயல் எழுந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் முன்னின்று எதிர்த்தார்கள். மீதிப் பணம் நின்றது. பொதுப் பணத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைக்கும் பள்ளியிடம் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்பதைத் தமிழர்கள் அன்றே பேசித் தீர்த்துவிட்டோம். ஃபுல்லர் பிரம்பைக் கிளர்ச்சியை அடக்க எடுத்தார். சேரன்மாதேவியில் கேள்வி கேட்டவர்கள் ஒரே பந்திக்காகக் கேட்டார்கள். அதிகாரம் இருக்கலாமா கூடாதா என்பதில் சண்டை இல்லை. காரணமும் வழிமுறையும்தான் விஷயம்.

அந்த வழிமுறையை மிகத் துல்லியமாக எழுதிய வழக்கு நம் பம்பாயில் நடந்தது. 1954 ஜனவரி 6 அன்று பம்பாய் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது: ஆங்கிலத்தில் கற்பிக்கும் பள்ளிகள் ஆங்கிலோ-இந்தியர், ஆசியரல்லாத வம்சத்தார் ஆகியோரின் பிள்ளைகளைத் தவிர வேறு யாரையும் சேர்க்கக் கூடாது. நாசிக் அருகே தேவலாலியில் பார்ன்ஸ் பள்ளி. பாம்பே எஜுகேஷன் சொசைட்டி நடத்திய அந்தப் பள்ளி அரசு அங்கீகாரம் பெற்றது, மானியமும் வாங்கியது. சங்கம் உயர்நீதிமன்றம் போனது. கூடவே, சேர்க்கை மறுக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளின் தந்தையரும் போனார்கள். தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவின் அமர்வு அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. மே 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்திலும் அரசு தோற்றது. தீர்ப்பை எழுதியவர் எஸ்.ஆர். தாஸ்.

வழக்கின் நுட்பம் கவனிக்கத் தக்கது. ஆங்கிலோ-இந்தியப் பள்ளிகள் தங்களுக்கான சிறப்பு மானியத்தைப் பெற வேண்டுமானால் சேர்க்கையில் 40 சதவீதத்தையாவது மற்ற சமூகத்தாருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 337-ஆவது பிரிவு சொன்னது. சாசனம் திற என்கிறது, சுற்றறிக்கை மூடு என்கிறது. ஒரே பள்ளியிடம் இரண்டு கட்டளை. இதைவிட முக்கியமானது, மனுதாரர்களில் பெற்றோர் இருந்ததால் 29(2)-ஆவது பிரிவு உயிர்பெற்றது. அரசு உதவி பெறும் பள்ளியில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாக்கி ஒருவருக்குச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது பள்ளிக்குத் தந்த உரிமை அல்ல, பிள்ளைக்குத் தந்த உரிமை.

நான்காண்டு கழித்து, ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் கேரளக் கல்வி மசோதா குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு வந்தபோது, அதே தாஸ் தலைமை நீதிபதியாக இருந்தார். சிறுபான்மையினரின் பள்ளி நடத்தும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் அங்கீகாரம் என்று அரசு நிபந்தனை போட முடியாது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்குலைக்கும் உரிமையும் அல்ல. 1958-இல் சொல்லப்பட்ட இந்த இரண்டு வரிகளுக்கு இடையில்தான் இன்றுவரை எல்லா வழக்கும் நடக்கிறது. மகாராஷ்டிரத்தில் மொழிச் சிறுபான்மையினரான தமிழர்களுக்கும் அந்த இரண்டு வரியும் பொருந்தும்.

அமெரிக்கர்கள் அரசுக்கும் பள்ளிக்கும் உள்ள இந்த உறவை ஒப்பந்தமாகவே எழுதிவிட்டார்கள். 1991-இல் மின்னசோட்டா இயற்றிய சட்டத்தில் தொடங்கிய சார்ட்டர் பள்ளிகள், இத்தனை ஆண்டு, இன்ன தரம் என்று கையெழுத்திட்டு நடப்பவை. கலிஃபோர்னியாவில் உள்ளூர்க் கல்வி மாவட்டம் ஒப்பந்தத்தை ரத்து செய்தால், பள்ளி முதலில் கவுண்டிக் கல்வி வாரியத்திடமும் பிறகு மாநில வாரியத்திடமும் முறையிடலாம். படிகள் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கின்றன. மாநகராட்சிப் பள்ளிகளை ஆகாங்க்ஷா, முக்தாங்கண் போன்ற அமைப்புகள் ஒப்பந்தத்தின்பேரில் நடத்தும் வழக்கம் மும்பைக்கும் வந்து பல ஆண்டுகளாகிவிட்டது. ஆகவே இது நமக்கு அயல் செய்தி அல்ல.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 18-ஆவது பிரிவு. நிபந்தனையை மீறிய பள்ளியின் அங்கீகாரத்தை எழுத்து மூலமாக ரத்து செய்ய வேண்டும். ஆனால் அதற்குமுன் பள்ளியின் வாதத்தைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் எந்த அண்டைப் பள்ளியில் சேர்க்கப்படுவார்கள் என்பதும் அதே உத்தரவில் இருக்க வேண்டும். மீறி நடத்தினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்குப் பத்தாயிரம். நல்ல ஏற்பாடு. ஆனால் உத்தரவு தவறானால் யாரிடம் முறையிடுவது என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. எனவே பள்ளிகள் உயர்நீதிமன்றத்துக்கு ஓடுகின்றன. வசதியுள்ள நிர்வாகம் ஓடும். ஒரு மாடி வாடகைக் கட்டடத்தில் நடக்கும் பள்ளிக்கு அந்த வக்கீல் கட்டணமே கதவைச் சாத்திவிடும்.

இதைச் சொல்லும்போது கும்பகோணத்தை மறக்கக் கூடாது. 2004 ஜூலை 16. ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம் இருந்தது. அதை முன்கூட்டியே பறித்திருந்தால் நாம் யாரும் மேல்முறையீட்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டோம். பறிக்கும் அதிகாரம் அரசுக்குக் கட்டாயம் வேண்டும். ஆபத்தான கட்டடமென்றால் அன்றைக்கே பூட்ட வேண்டும். மற்றக் காரணங்களுக்கு அப்படியொரு அவசரம் இல்லை.

அண்டைப் பள்ளி என்ற சொல்லிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஆனால் தமிழில் படிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பள்ளி மூடப்பட்டால், பக்கத்துத் தெருப் பள்ளி மராத்தியிலோ இந்தியிலோ கற்பிக்கும். காகிதத்தில் அது இடமாற்றம். குழந்தைக்கு அது மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

அங்கீகாரம் என்பது அரசும் நிர்வாகமும் போடும் ஒப்பந்தம். மூன்றாவது தரப்பான பிள்ளை அதில் கையெழுத்துப் போடுவதில்லை, இழப்பு மட்டும் முழுவதும் அதற்கே. ஆகவே மகாராஷ்டிர அரசிடம் நாம் கேட்பது நான்கு. ரத்து உத்தரவுக்கு மாவட்ட அளவிலேயே, அதைப் பிறப்பித்தவரல்லாத இன்னொருவரிடம், முறையீட்டு வழி வேண்டும். அந்த விசாரணையில் பெற்றோர் பேச இடம் வேண்டும். அண்டைப் பள்ளியை முடிவு செய்யும்போது தூரத்தோடு பயிற்று மொழியையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பு ஜூனுக்குள் வர வேண்டும்.

அவ்வளவு சீக்கிரம் முடியுமா என்று அதிகாரிகள் கேட்பார்கள். 1954-இல் சுற்றறிக்கை வெளிவந்த நாளிலிருந்து உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரை ஆனது 140 நாள்.