கம்பம் பள்ளத்தாக்குக்கு அரசு சமுதாயக் கல்லூரி வேண்டும்



தேனி மாவட்டத்தில் கேரள எல்லை மலைகளுக்கும் மேகமலைக்கும் நடுவே அமைந்த கம்பம் பள்ளத்தாக்கில், பிளஸ் டூ முடிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பவை பெரும்பாலும் இரண்டே வழிகள்: மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, அல்லது ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப். குறுகிய காலத்தில் தொழிலும் தகுதியும் தரும் சமுதாயக் கல்லூரியை இப்பகுதியில் வளர்த்தெடுக்க அரசுகள் முனையாதது கண்டனத்துக்குரியது.

பள்ளிக் கல்வியில் இப்பகுதி பின்தங்கிக் கிடக்கவில்லை. அரசுப் பள்ளிகள், உதவி பெறும் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எனக் கூடலூர் முதல் சின்னமனூர் வரை பள்ளிகள் உள்ளன. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை கட்டணமில்லாக் கல்விக்கு உறுதியளிக்கிறது. அதற்கு மேல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிகள் கைகொடுக்கின்றன. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்க்கப்பட்டது. ஆனால் தமிழகத்தின் பல அரசுப் பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அந்த இடம் நிரப்பப்படாமல் பிரிவே மெல்லக் கரைந்துபோகிறது. கையில் தொழில் இல்லாமல் மதிப்பெண் சான்றிதழோடு மட்டும் வெளியேறும் மாணவர் கூட்டம் இப்படித்தான் உருவாகிறது.

உயர்கல்விக்கு இப்பகுதியின் பழைய துணை, 1956இல் உத்தமபாளையத்தில் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி. அரசு நேரடியாக நடத்தும் கல்லூரிகளைப் பார்த்தால் கலை அறிவியல் கல்லூரி வீரபாண்டியிலும், பொறியியல் கல்லூரி போடியிலும், மருத்துவக் கல்லூரி க.விலக்கிலும் உள்ளன. இவை மூன்றும் சின்னமனூருக்கு வடக்கே இருப்பவை. கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூடலூரும் லோயர் கேம்ப்பும் இன்னும் தெற்கே உள்ளன. மேகமலை எஸ்டேட் பிள்ளைகள் மலைப்பாதையில் சின்னமனூருக்கு இறங்கிய பிறகே வடக்கே போகும் பேருந்தைப் பிடிக்க முடியும். பயண அட்டை இருந்தாலும், போக்குவரத்தில் கழியும் நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. வீட்டுக்கு வருமானம் தேவைப்படும் பிள்ளைக்குப் பகல் முழுவதும் கல்லூரியில் இருப்பதே கட்டுப்படியாகாது.

அந்தப் பிள்ளை போகும் இடம் கேரளத்து ஏலத்தோட்டம். விடிவதற்கு முன்பே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுச் சாலைகளில் ஆள் நிறைந்த ஜீப்புகள் மலையேறுகின்றன. செடியின் அடித்தூரில் குனிந்து முற்றிய காயாகப் பார்த்துப் பறிப்பது, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் பச்சை நிறம் கெடாமல் உலர்த்துவது, சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய காயைத் தனியே பிரிப்பது ஆகிய ஒவ்வொன்றும் நுணுக்கமான வேலை. இந்தக் காய் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. தரம் பிரிக்கத் தெரிந்தவருக்கோ சான்று எதுவும் இல்லாததால் கடைசிவரை நாள்கூலிதான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையில் கொடி கவாத்து செய்யும் தொழிலாளியின் நிலையும் இதுவே.

இத்தகையோருக்காகவே சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு உருவானது. அமெரிக்காவில் வளர்ந்த இம்முறை, இந்தியாவில் 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் தொடங்கியது. உள்ளூர்த் தொழிலுக்கேற்ற பாடம், வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சி, நெகிழ்வான வகுப்பு நேரம் ஆகியவை இதன் அடிப்படை. படிப்பை இடையில் விட்டவரும் சேரலாம். ஆக, இந்த முறையைச் செய்து பார்த்த முன்னோடி அனுபவம் தமிழகத்துக்குப் புதிதல்ல. 2013–14இல் 200 சமுதாயக் கல்லூரிகளுக்கான திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. ஆனால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் மானியம் தந்துவிட்டு, பிறகு நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடும் முறை, கட்டணம் கட்ட முடியாத ஊர்களில் நிலைக்காது.

மாநில அரசின் உதவியிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. பாராட்டத்தக்க இத்திட்டங்கள் தொலைநிலைக் கல்வியில் சேர்வோரை விலக்கிவைத்திருக்கின்றன. பகலில் கூலிக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவருக்கு அந்தப் பணம் மற்றவர்களைவிட அவசியமானது. அவரை வெளியே நிறுத்துவது நியாயமல்ல.

எனவே கம்பம் அல்லது உத்தமபாளையத்தில் மாலையிலும் வார இறுதியிலும் இயங்கும் அரசு சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தமிழக உயர்கல்வித் துறை தொடங்க வேண்டும். ஏலக்காய்ப் பதப்படுத்தல், திராட்சை சாகுபடி, நீர்ப்பாசனக் கருவி பழுதுபார்ப்பு, முதியோர் பராமரிப்பு போன்ற படிப்புகளை அங்கே நடத்தலாம். ஆறு மாதச் சான்றிதழும் ஓராண்டுப் பட்டயமும் பின்னர் பட்டப்படிப்பில் சேரும்போது மதிப்பீட்டுப் புள்ளிகளாகக் கணக்கில் வரவேண்டும். மாத உதவித்தொகை பகுதிநேர மாணவருக்கும் கிடைக்க வேண்டும். பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் இடங்களை நிரப்பினால் இக்கல்லூரிக்கான அடித்தளம் மேல்நிலை வகுப்புகளிலேயே அமையும். கட்டடம் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மேல்நிலைப் பள்ளி வகுப்பறைகளில் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்