பூட்டாத வைஃபை, திறந்த வீடு!

வாசலுக்குப் பூட்டு. பீரோவுக்குப் பூட்டு. சைக்கிளுக்குக்கூட பூட்டு. வைஃபைக்கு மட்டும்? "அது கிடக்கட்டும் சார்" என்கிறார்கள்!

கிடக்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? 2008-ம் ஆண்டு நடந்ததே சாட்சி.

வீடு தேடி வந்த போலீஸ்

அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஆமதாபாத் நகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. 50-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் துருவினார்கள். நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது!

அவருடைய கம்ப்யூட்டரைப் போலீசார் எடுத்துச் சென்றார்கள். துருவித் துருவி விசாரித்தார்கள். கடைசியில்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய வைஃபைக்குப் பூட்டு இல்லை. வெளி ஆசாமிகள் அதில் புகுந்து மெயிலை அனுப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 13-ந் தேதி டெல்லியில் குண்டு வெடித்தது. மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை மாட்டியது, மும்பை செம்பூரில் ஒரு தனியார் கம்பெனியின் வைஃபை!

சுவர் தடுக்காது

வைஃபை என்பது ரேடியோ அலை. சுவரைத் தாண்டி தெருவுக்கும் போகும். தெருவில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒருவன் உள்ளே புகலாம். தப்பு செய்வது அவன். போலீஸ் கண்ணில் முதலில் படுவது இணைப்புக்காரர் பெயர்!

பூட்டு போட்டால் மட்டும் போதாது, நல்ல பூட்டாக இருக்க வேண்டும். "வெப்" என்ற பழைய பூட்டை உடைக்க முடியும் என்பது 2001-லேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்ற பெரிய கடைக் கம்பெனி அதை உடனே மாற்றவில்லை. கடை வைஃபை வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். 4½ கோடிக்கும் மேற்பட்ட கார்டு விவரங்கள் பறிபோயின. 2007-ல் அது வெளியே வந்தது.

என்ன செய்வது?

செலவு எதுவும் இல்லை. பத்து நிமிடம் போதும்.

வைஃபை பெட்டியின் அமைப்பில் "டபிள்யூ.பி.ஏ.-2" அல்லது "டபிள்யூ.பி.ஏ.-3" பூட்டைப் போடுங்கள். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். செல்போன் நம்பரும், கடைப் பெயரும் வேண்டாம்.

பெட்டியின் அமைப்புக்குள் நுழைய தனி பாஸ்வேர்டு ஒன்று உண்டு. கம்பெனி போட்டுக் கொடுத்ததை அப்படியே வைத்திருக்காதீர்கள். "டபிள்யூ.பி.எஸ்." என்ற சுருக்கு வழியை மூடிவிடுங்கள். அதன் ஓட்டை 2011-லேயே அம்பலமாகிவிட்டது.

"வாடிக்கையாளர் கேட்கிறாரே, கொடுக்காமல் இருக்க முடியுமா?" என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயம்தான். விருந்தாளிக்குத் தனி இணைப்பு வைக்கும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அதைக் கொடுங்கள். பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

ரெயில் பயணிகளுக்கும் ஒரு வார்த்தை. இலவச வைஃபை பெயரில் போலியும் இருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். பேங்க் வேலைக்குச் சொந்த செல்போன் இணைப்பே நல்லது.

பெட்டி மாட்டுகிறவர் கடமை

2008 சம்பவங்களுக்குப் பிறகு, 2009-ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பற்றி இணைய கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருந்தால் போதுமா? பெட்டியை மாட்ட வருகிற ஆள் பூட்டையும் போட்டு, மாற்றுவது எப்படி என்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். "லைட் எரியுது, வர்றேன்" என்று கிளம்பக்கூடாது!

குற்றம் செய்யாதவர் போலீஸ் முன் கைகட்டி நிற்பது கொடுமை. இன்று இரவே பெட்டியைப் பூட்டுங்கள்!