‘சிக்கினார்’ என்று எழுதலாமா?

சொல் சிறிதாயினும் அதன் சுமை பெரிது. அன்றாடம் நம் கண்ணில் படும் ‘சிக்கு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வாராத தலைமுடியில் விழுவது சிக்கு. புள்ளிகளைச் சுற்றி வளைந்து பின்னிச் செல்வது சிக்குக்கோலம். இறுகப் பற்றுதலைச் ‘சிக்கெனப் பிடித்தல்’ என்பது பழைய வழக்கு. நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்னும் ஊரின் தலபுராணம், வசிட்டர் வெண்ணெயால் அமைத்த இலிங்கம் பெயர்க்க இயலாதவாறு சிக்கிக்கொண்டமையால் அப்பெயர் வந்தது என்று கூறும். பின்னுதல், இறுகுதல், விடுபட இயலாமை ஆகியவையே இச்சொல்லின் பொருட்கூறுகள். இவற்றுள் எதிலும் குற்றம் என்னும் பொருள் இல்லை.

செய்தித்தாள் வழக்கிலோ இச்சொல் இருவேறு முகங்களைக் காட்டுகிறது. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் சிக்கினர். அவர்கள் மீட்கப்படும்வரை 17 நாள்கள் நாடே கவலையுற்றிருந்தது. வெள்ளத்தில் சிக்கியோர், விபத்தில் சிக்கியோர் என்னும்போதும் நமக்கு இரக்கமே தோன்றுகிறது. ஆனால், ‘திருட்டு வழக்கில் வாலிபர் சிக்கினார்’ என்று படித்த மறுகணமே அவ்வாலிபரைத் திருடர் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இதற்குக் காரணம் இலக்கணத்திலேயே உள்ளது. ‘சிக்கினார்’ என்பது தன்வினை. ‘காவலர் பிடித்தனர்’ என்றால் பிடித்தவர் யார், ஏன் பிடித்தார் என்ற வினாக்கள் எழும். ‘சிக்கினார்’ என்னும்போது பிடித்தவர் மறைந்துவிடுகிறார். அகப்பட்டவரே எழுவாயாக எஞ்சுகிறார். இதுவரை ஒளிந்திருந்த குற்றவாளி இன்று வெளிப்பட்டார் என்னும் குறிப்பும் உடன் வருகிறது. அவரைப் பிறர் சிக்கவைத்திருக்கவும் கூடும் என்னும் பிறவினைப் பொருளுக்கு அங்கே இடமில்லை.

சிலப்பதிகாரத்தை நினைவுகூர்க. கையில் சிலம்போடு மதுரைக் கடைவீதிக்கு வந்த கோவலனைப் பொற்கொல்லன் கள்வன் என்றான். பாண்டியன் ஆராயாமல் நம்பினான். இன்றைய நாளிதழ் அன்று இருந்திருந்தால், ‘அரண்மனைச் சிலம்புத் திருடன் சிக்கினான்’ என்றுதான் எழுதியிருக்கும். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது உண்மை தெரிந்தது. கோவலனோ அதற்கு முன்பே கொலையுண்டான்.

குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரையும் குற்றமற்றவராகவே கொள்ள வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 11ஆம் உறுப்பில் ஏற்றுள்ளது. வந்த செய்தியைத் தீர விசாரித்த பின்னரே ஏற்க வேண்டும் என்னும் நெறியைத் திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயமும் வற்புறுத்துகிறது.

தலைப்புக்கு இடம் போதாது என்று செய்தியாளர் கூறலாம். ‘சிக்கினார்’ ஐந்தெழுத்து, ‘கைது’ இரண்டெழுத்து. கட்டு, விலங்கு எனப் பொருள்படும் ‘கைத்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. வக்கீல், ஜாமீன் ஆகிய சொற்களோடு தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகியது. ஒருவர் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறார் என்பதை மட்டும் அது கூறும். தீர்ப்பை நீதிமன்றத்திற்கு விட்டுவிடும்.

பிடிபட்ட நாளில் பெரிய எழுத்தில் வரும் பெயர், ஆண்டுகள் கழித்து விடுதலையாகும் நாளில் பெரும்பாலும் சிறிய எழுத்திலேயே வருகிறது. அதற்குள் அவருடைய வேலை போயிருக்கும்; தங்கையின் திருமணப் பேச்சு முறிந்திருக்கும்; வாடகை வீட்டையும் காலி செய்ய நேர்ந்திருக்கும். சட்டத்தின் பிடியிலிருந்து விடுபட்ட பின்னும் அக்குடும்பம் ஒரு சொல்லின் பிடியில் இருக்கிறது.

இத்துறையில் பயின்று நாளை இதழ்களிலும் ஊடகங்களிலும் பணியேற்கவிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்திலும் வெள்ளத்திலும் அகப்பட்டோரைச் ‘சிக்கினர்’ என்று தயங்காது எழுதுங்கள். வழக்கில் பிடிபட்டவரைக் ‘கைது செய்யப்பட்டார்’ என்று மட்டும் எழுதுங்கள். தமிழ் கற்றவர் சமுதாயத்திற்குச் செய்யத்தக்க நற்பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.