கலிலி வீட்டுத் தந்தியும் நம் வீட்டு வீணையும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், பாப்பா ஒன்பதாவது போறா. வீணை கிளாஸை நிறுத்திட்டோம். இனிமே கணக்கும் சயின்ஸும்தான்" என்றாள். அப்போது "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நமக்கு இனிஷியல் மாதிரி இத்தாலிக்காரர்களுக்குக் குடும்பப் பெயர். கலிலி என்றதும் வியாழனின் நிலவுகளைத் தொலைநோக்கியில் பார்த்த கலிலியோதான் நமக்கு நினைவுக்கு வருவார். ஆனால் அவருடைய அப்பா வின்சென்சோ கலிலி ஓர் இசைக்கலைஞர். லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர், இசை பற்றி நூல்கள் எழுதியவர். தம்பி மிக்கேலாஞ்சலோ கலிலியும் லூட் கலைஞர்தான். ஜெர்மனியில் மியூனிக் அரசவையில் வாசித்தார். கலிலியோவுக்கும் லூட் நன்றாக வாசிக்கத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அப்பாவும் நம்மைப் போலத்தான். மகன் டாக்டராக வேண்டும் என்று 1581-இல் பைசா பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். மகனுக்கோ கணக்கில்தான் மனசு. 1585-இல் பட்டம் வாங்காமலே வீடு திரும்பினார்.

அந்தக் காலகட்டத்தில் அப்பா ஒரு சோதனை செய்தார். ஒரு தந்தியில் எடையைத் தொங்கவிட்டு மீட்டினால் ஒரு ஸ்வரம் கேட்கும். எடையை இரண்டு மடங்காக்கினால் அதன் மேல் ஸ்தாயி வரும் என்று பிதாகரஸ் பெயரைச் சொல்லிப் பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். வின்சென்சோ எடையைக் கட்டிப் பார்த்தார், காதால் கேட்டார். இரண்டு மடங்கு போதவில்லை, நான்கு மடங்கு தேவைப்பட்டது! பின்னாளில் 1638-இல் வெளிவந்த தன் நூலில் கலிலியோவும் இதே கணக்கை எழுதினார்.

பெரியவர்கள் சொன்னாலும் செய்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வது. இதைத்தானே நாம் அறிவியல் என்று சொல்லிக்கொடுக்கிறோம்? அந்த வீட்டில் அது ஒரு வாத்தியத்தின் தந்தியில் இருந்தது.

வீணை கற்றால் பிள்ளை கலிலியோ ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிருடையைத் திருகி, சுருதி சேர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, சேராவிட்டால் மறுபடி திருகும் பிள்ளை வீணாகப் பொழுதைக் கழிக்கவில்லை. கவனிக்கப் பழகுகிறது.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கினால் பாட்டு பீரியடைக் கேட்டு வாங்கி, உங்களைக் கணக்குப் போட வைத்தவள் நான். பாட்டு டீச்சர் வகுப்பு வாசல் வரை வந்து ஒன்றும் பேசாமல் திரும்பிப் போவார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் செய்தது தவறு.

அம்மாடி, போனில் பேசினவளே, இதை நீ படிப்பாய் என்று தெரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பாப்பாவுக்கு விட்டுக்கொடு. வீணையைப் பரண்மேல் ஏற்றிவிடாதே.

அன்புடன்,
உங்கள் டீச்சர்